எண்ணெய்த் தாரை

அக்கினி நட்சத்திர நாட்களில் சிவன் கோயிலுக்குச் சென்றவர்கள், கருவறையில் இலிங்கத்துக்கு மேலே ஒரு பாத்திரம் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதன் அடியில் சிறு துளை இருக்கும். அத்துளை வழியே நீர் இடைவிடாமல் இறைவன் திருமுடியில் ஒழுகிக்கொண்டிருக்கும். தாராபாத்திரம் என்பது அதன் பெயர். தாரை என்றால் அறாத ஒழுக்கு. நிலத்தைத் தானம் செய்தவரும் பெண்ணை மணம் செய்து கொடுத்தவரும் நீரை ஒழுகவிட்டுக் கொடுத்தமையால் ‘தாரை வார்த்தல்’ என்ற வழக்கு நம் மொழியில் நிலைத்தது. மலையாள நாட்டு வைத்தியர்கள் அதே சொல்லை நோயாளியின் நெற்றிக்குக் கொண்டு சென்றார்கள். மல்லாந்து படுத்திருப்பவரின் நெற்றியில், இளஞ்சூடான எண்ணெயை ஒரே சீராக, நெடுநேரம் ஒழுகவிடும் வைத்தியத்துக்குச் சிரோதாரை என்று பெயர்.

கோயிலைப் பார்த்து வைத்தியர் கற்றாரா, வைத்தியரைப் பார்த்துக் கோயிலில் அமைத்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் சொல்லச் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில் உவமையோடு நின்றுவிடுவதே வரலாறு பயில்கின்றவனுக்கு நல்லது.

நான் இதைப் பேச எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று விளம்பரத் தாள்களில் எல்லாம் இந்த நெற்றித் தாரையின் படம் வருகிறது. கண் மூடிய ஒரு முகம். மேலே ஒரு செம்புக் கிண்ணம். நடுவே பொன்னிறமான ஒரு நூல்போல் எண்ணெய். படத்தின் கீழே ‘ஐயாயிரம் ஆண்டுப் பழைமை’ என்று அச்சிட்டிருப்பார்கள். மாணவர்களும் அதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஐயாயிரம் என்ற எண்ணை யார் எண்ணிப் பார்த்தார்கள்? ஏட்டை எடுத்துப் பார்ப்போம்.

தலையில் நாள்தோறும் எண்ணெய் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைச் சரக சங்கிதை புகழ்ந்து பேசுகிறது. அது தினசரி ஒழுக்கம். நோய் தீர்க்கும் தாரை அன்று. தலைக்கு எண்ணெய் இடும் முறைகளை வரிசைப்படுத்தித் தெளிவாகச் சொல்லும் நூல் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். கி.பி. 7-ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுந்தது என்று அறிஞர் பலர் கருதும் நூல் அது. அதன் சூத்திரத்தானத்தில் 22-ஆம் அத்தியாயத்தில் நான்கு முறைகள் சொல்லப்படுகின்றன. எண்ணெயைத் தேய்ப்பது ஒன்று. எண்ணெயை ஊற்றுவது ஒன்று. இதற்குச் சேகம் அல்லது பரிசேகம் என்று பெயர். எண்ணெயில் நனைத்த பஞ்சை உச்சியில் வைப்பது ஒன்று. தலையைச் சுற்றித் தோல் பட்டையால் அணை கட்டி அதற்குள் எண்ணெயைத் தேக்கி வைப்பது ஒன்று. இதற்குச் சிரோவஸ்தி என்று பெயர். ஒன்றைவிட அடுத்தது ஆற்றல் மிக்கது என்றும் நூலாசிரியர் கூறுகிறார்.

இனி வருவதைக் கவனித்துக் கேளுங்கள். எந்த முறையை எந்த நோய்க்குப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் வாக்படர் சொல்லிவிடுகிறார். ஊற்றும் முறை எதற்கு? தலையில் தோன்றும் கொப்புளங்கள், குத்துவலி, எரிச்சல், சீழ் வைத்தல், புண் ஆகியவற்றுக்கு. அவ்வளவுதான். தூக்கமின்மைக்கு எது? நான்காவது முறையாகிய எண்ணெய்த் தேக்கம்! முகவாதம், தலை மரத்துப்போதல், கடுமையான தலைநோய் ஆகியவற்றோடு இரவில் உறக்கம் வாராமையையும் அவர் அதன் கீழேதான் வைத்திருக்கிறார்.

இன்று நெற்றித் தாரை என்றவுடன் எல்லோரும் நினைப்பது உறக்கத்தையும் மன அமைதியையும் அன்றோ? மூல நூலிலோ அந்த வேலை வேறொரு முறைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நூலுக்கும் இன்றைய வழக்கத்துக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த இடைவெளிதான் இந்த வைத்தியத்தின் உண்மையான வரலாறு. ஐயாயிரம் ஆண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றவர்கள் அந்த இடைவெளியைத்தான் மறைத்துவிடுகிறார்கள்.

பழைய முறை எப்படி இருந்தது? நோயாளி முழங்கால் உயரமுள்ள இருக்கையில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல் பட்டையைத் தலையைச் சுற்றி மேல்நோக்கி நிறுத்திக் கட்டுவார்கள். எண்ணெய் கசியாதபடி சந்துகளை உளுந்து மாவைப் பிசைந்து அடைப்பார்கள். பிறகு இளஞ்சூடான எண்ணெயை மயிர்க்கால்களுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்குமாறு வார்ப்பார்கள். வாதநோய்க்கு 10,000 மாத்திரை, பித்தநோய்க்கு 8,000, கபநோய்க்கு 6,000, நலமாக உள்ளவனுக்கு 1,000 என்று கால அளவும் உண்டு. மாத்திரை என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுக்குத் தமிழ் இலக்கண வகுப்பு நினைவுக்கு வரும். வரட்டும். கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் கொண்டு எழுத்தொலியை அளந்தவர் தொல்காப்பியர். கடிகாரம் இல்லாத காலத்தில் புலவருக்கும் வைத்தியருக்கும் உடம்பே கடிகாரமாக இருந்திருக்கிறது. அச்சொல் இன்று மருந்துக் கடையில் விற்கும் வில்லைக்குப் பெயராகிவிட்டது. அது வேறு கதை.

அஷ்டாங்க ஹிருதயம் இந்தியா முழுவதும் பயின்ற நூலாயினும், அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நாடு கேரளம். அங்கே அஷ்ட வைத்தியர் என்ற குடும்பத்தினர் வழிவழியாக அதை மனப்பாடம் செய்து, அதன்படி வைத்தியம் பார்த்து வந்தனர். மருத்துவத்தின் எட்டு அங்கங்களையும் கற்றவர் என்பதால் அப்பெயர் என்பர். ஆனால் அவர்கள் நூலை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். ஊற்று என்று ஒரு சொல்லில் நூல் விட்டுச் சென்றதை ஒரு பெரிய வைத்திய முறையாக வளர்த்தெடுத்தார்கள். பிழிச்சல், ஞவரக்கிழி, தாரை என்ற இவை கேரளத்துக்கே உரியன என்று மற்ற நாட்டு வைத்தியர்களும் ஒப்புக்கொள்வர். தாரைக்கென்றே ‘தாராகல்பம்’ என்ற தனி நூல் ஒன்று வடமொழியில், கேரளத்தில், எழுந்தது. வாக்படர் ஓரிரு அடிகளில் முடித்ததை அந்நூல் பாத்திரம், திரி, உயரம், சூடு, நாள், பத்தியம் என்று விரித்துப் பேசுகிறது.

பாத்திரத்தைப் பாருங்கள். மண், மரம், உலோகம் இவற்றுள் ஒன்றால் ஆன வாயகன்ற சட்டி. அடியில் நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வெறும் துளையின் வழியே எண்ணெய் விட்டால் குபுகுபுவென்று கொட்டிவிடும். இதற்கு மலையாள நாட்டார் கண்ட உபாயம் என்ன தெரியுமா? ஒரு தேங்காய்ச் சிரட்டை. பாதிச் சிரட்டையில் ஒரு துளையிட்டுச் சட்டிக்குள் கவிழ்த்து வைக்கிறார்கள். அத்துளைகளின் வழியே பருத்தி நூல் திரியைச் செருகித் தொங்கவிடுகிறார்கள். எண்ணெய் சிரட்டையைச் சுற்றி நின்று, விளிம்பின் கீழ்ப் புகுந்து, திரியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறது. மேலே எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் கீழே ஒழுக்கு பெரிதும் மாறுவதில்லை. திரியின் நுனி நெற்றிக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். சிந்துநாட்டில் பிறந்தவர் என்று சொல்லப்படும் வாக்படருக்குத் தேங்காய்ச் சிரட்டை தோன்றியிராது. தென்னை வளரும் நாட்டின் அறிவு அது.

நோயாளி படுப்பதற்குத் துரோணி என்ற மரத்தொட்டி உண்டு. ஆள் நீளத்துக்கு மேற்பட்ட ஒரே மரத்தைக் குடைந்து செய்வார்கள். நெற்றியில் விழுந்த எண்ணெய் தலை வழியே வழிந்து, தொட்டியில் வெட்டியிருக்கும் வாய்க்கால் வழியாக ஒரு கிண்ணத்தில் சேரும். அதை ஒருவர் எடுத்துச் சூடேற்றி மீண்டும் சட்டியில் ஊற்றுவார். இன்னொருவர் சட்டியை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார். கண்ணில் எண்ணெய் வடியாதபடி புருவத்துக்கு மேல் துணியைத் திரித்துக் கட்டுவார்கள். காதில் பஞ்சு வைப்பார்கள். காலை வேளையில் முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை இது நடக்கும். 7 நாள், 14 நாள், 21 நாள் என்று கணக்கு. முதல் 3 நாள் ஒரு பாதி எண்ணெய், அடுத்த 3 நாள் மறு பாதி, 7-ஆம் நாள் இரண்டையும் கலந்து பயன்படுத்திவிட்டு அப்புறப்படுத்திவிட வேண்டும். மிக உயரத்திலிருந்து விட்டாலும், மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ விட்டாலும் தீங்கு விளையும் என்று எச்சரிக்கையும் உண்டு.

எண்ணெய் மட்டுமே தாரை என்று எண்ணிவிடாதீர்கள். உடம்பில் சூடு மிகுந்து உறக்கம் கெட்டவர்களுக்கு மோர்த் தாரை வைப்பார்கள். கோரைக்கிழங்கு இட்டுக் காய்ச்சிய பாலை உறையிட்டுக் கடைந்த மோரில், நெல்லிக்காய்க் கஷாயத்தைக் கலந்து ஒழுகவிடுவது அது. எண்ணெயில் பெயர்பெற்றது க்ஷீரபலா தைலம். குறுந்தோட்டி வேர், பால், நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்தது. அதை மீண்டும் மீண்டும் 101 முறை காய்ச்சிச் சொட்டுக் கணக்கில் கொடுப்பதும் உண்டு. குறுந்தோட்டி வாதநோய்க்கு அத்தனை சிறந்தது என்பதால், ‘குறுந்தோட்டிக்கே வாதமா?’ என்று மலையாளத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்தால் நாம் என்ன சொல்வோமோ, ஏறக்குறைய அந்த வியப்பு.

சரி, உட்கார்ந்து செய்யும் தேக்கத்தின் வேலையைப் படுத்துச் செய்யும் தாரை எப்படி எடுத்துக்கொண்டது? நான் நினைப்பது இதுதான். பல இரவுகள் உறங்காதவனை, மனம் கலங்கியவனை, தலையில் தோல் பட்டையும் உளுந்து மாவுமாக அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திரு என்றால் எத்தனை நேரம் உட்காருவான்? படுக்கவைத்து, கண்ணை மூடவைத்து, நெற்றியில் சீரான ஒழுக்கை விட்டால் அவன் தானே அடங்குகிறான். நூலறிவைவிட நோயாளியை அருகிலிருந்து பார்த்த அறிவே இம்மாற்றத்தைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் தமிழ்நாட்டில் எண்ணெய்க்கு மதிப்புக் குறைவில்லை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சொன்னவர்கள் நாம். சித்த மருத்துவத்தில் 32 வகைப் புறமருத்துவம் வகுத்தார்கள். ஒற்றடம், வேது, தொக்கணம், நசியம் எல்லாம் அவற்றுள் அடங்கும். ஆனால் தாரை என்ற பெயரில் தனி முறை அந்த வரிசையில் இல்லை. நம்முடையது என்று இதற்குச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் நல்ல பொருளை அவர்கள் பெயர் சொல்லியே பாராட்டுவோம்.

உடல்நலம் குன்றிய என் சக ஆசிரியர் ஒருவருக்குத் துணையாகப் பாலக்காட்டுக்கு அப்பால் ஒரு வைத்தியசாலையில் 14 நாள் தங்கியிருந்தேன். வைத்தியர் காலையில் வந்து நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், முந்தைய இரவைப் பற்றி நான்கு கேள்வி கேட்பார், போய்விடுவார். பிறகு ஒன்றேகால் மணி நேரம் சட்டியைப் பிடித்து நின்றவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் உதவியாளர். அவர் பேசவே மாட்டார். நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டே கையை அசைப்பார். மூச்சு சீராகும்போது கையும் மெதுவாகும். ‘எப்படிக் கற்றீர்கள்?’ என்று கேட்டேன். ‘அம்மாவன் கையைப் பார்த்துக் கற்றேன்’ என்றார். மலையாளத்தில் அம்மாவன் என்றால் தாய்மாமன். முதல் இரண்டு ஆண்டுகள் எண்ணெய் சூடுகாட்டும் வேலையே கொடுத்தாராம். சட்டியைத் தொட விடவில்லையாம். தாராகல்பத்தை அவர் படித்ததில்லை. ஆனால் அதிலுள்ள நான்கு விரற்கடை அவர் கையில் இருந்தது.

இத்தகைய கைகளின் பெயர்கள் ஏட்டில் ஏறுவதில்லை. எப்பொழுதோ ஒருமுறைதான் ஏறுகின்றன. டச்சுக்காரராகிய வான் ரீட் மலபாரின் மூலிகைகளைத் தொகுத்து ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற 12 பாகங்களைத் தயாரித்தார்; 1678 முதல் 1693 வரை அவை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அதற்கு மூலிகை அறிவை வழங்கியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவருடைய சான்றுரை அந்நூலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மலையாள மருத்துவம் ஒரு குலத்தாரின் உடைமையாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு அதைவிட உறுதியான ஆவணம் வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. தாரை ஏழைகளுக்கு எட்டக்கூடியதாக இருக்கவில்லை. படி படியாகத் தைலம், பெரிய மரத்தொட்டி, இரண்டு மூன்று ஆட்கள், வாரக்கணக்கான ஓய்வு. இவை கோவிலகங்களிலும் இல்லங்களிலும் செல்வர் வீடுகளிலுமே இயலும். உழுது உண்பவன் 21 நாள் படுத்தால் யார் உழுவது? படுத்த நாட்கள் எத்தனையோ அத்தனை நாள் எழுந்த பின்னும் பத்தியத்தோடு இருக்க வேண்டும். அதற்கு ‘நல்லிரிக்க’ என்று பெயர்; நல்ல இருக்கை என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் கோட்டக்கல் பி. எஸ். வாரியர் (1869–1944). அஷ்ட வைத்தியக் குடும்பமாகிய குட்டஞ்சேரியில் குருகுலவாசம் செய்தவர். பிறகு மஞ்சேரியில் மேல்நாட்டு மருத்துவமும் கற்றவர். 1902-இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கினார். அந்நாளில் கோட்டக்கல் சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோதுதான் கேரளத்தோடு சேர்ந்தது. வைத்தியர் குறித்துக் கொடுத்த மூலிகைகளை நோயாளியின் வீட்டார் தேடிப் பறித்துக் காய்ச்சிக்கொண்டிருந்த காலத்தில், அளவு மாறாமல் ஓரிடத்தில் காய்ச்சிப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார் வாரியர். ‘தன்வந்தரி’ என்ற பத்திரிகை நடத்தினார். 1917-இல் கோழிக்கோட்டில் ஆயுர்வேத பாடசாலை தொடங்கினார். 1924-இல் அதைக் கோட்டக்கல்லுக்குக் கொண்டுவந்து, பக்கத்திலேயே தரும ஆஸ்பத்திரியும் வைத்தார். கதகளிக் குழு ஒன்றும் 1939-இல் தொடங்கினார் என்றால் அம்மனிதரின் உள்ளம் எத்தகையது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர் காலத்துக்குப் பின், 1954-இல், நோயாளிகள் தங்கி வைத்தியம் செய்துகொள்ளும் விடுதியும் அங்கு ஏற்பட்டது. வீட்டுக் கூடத்தில் நடந்த தாரை அதன்பின் மருத்துவமனையின் ஒரு பிரிவாயிற்று.

சென்னையிலும் அக்காலத்தில் சுதேச வைத்தியங்களைப் பற்றிய வாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. 1921-இல் மாகாண அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1923-இல் அறிக்கை வந்தது. 1925-இல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. காப்டன் சீனிவாசமூர்த்தி அதன் தலைவர். 1943-இல் பி. வி. ராம வாரியர் கோயம்புத்தூரில் ஆரிய வைத்திய பார்மஸியை நிறுவினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருவதுபோல் மலையாள வைத்தியமும் கொங்கு நாட்டுக்கு வந்துசேர்ந்தது.

நம் காலத்தில் தாரை கடல் கடந்துவிட்டது. ஜப்பானில் தொயாமா என்ற இடத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2008-இல் வெளியாயின. நலமாக உள்ள 16 பெண்கள் அதில் பங்கு கொண்டனர். பதற்றம் குறைந்தது; பாதத்தின் தோல் வெப்பம் உயர்ந்தது; பரபரப்பின்போது இரத்தத்தில் மிகும் நோர்அட்ரினலின் என்ற சுரப்பு குறைந்தது என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் ஒழுக்கு மாறக் கூடாது என்பதற்காக, எண்ணெயை விடும் வேலையை ஒரு தானியங்கி இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு அது தேவைதான். ஆனால் மூச்சைப் பார்த்துக் கையை மெதுவாக்கும் அந்த உதவியாளரை நான் நினைத்துக்கொண்டேன். 16 பேர் என்பதும் சிறு தொகை. அவர்கள் நோயாளிகளும் அல்லர். தாரை இன்ன நோயைத் தீர்க்கும் என்று அடித்துச் சொல்ல அது போதாது. அதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் இடம் தராது.

உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளில் தாரை இன்று ஒரு மணி நேரப் பண்டமாகிவிட்டது. காலையில் படகு, மாலையில் தாரை, இரவில் விருந்து. திரிக்கும் நெற்றிக்கும் இடையே உள்ள அளவைக்கூட அங்கே பின்பற்றுகிறார்கள். நல்லிரிக்கதான் முதலில் கழன்று விழுந்தது. பழைய ஒழுங்கை விடாத வைத்தியசாலைகளும் இருக்கின்றன. அங்கே வந்தவுடன் யாரையும் தொட்டியில் படுக்கவைப்பதில்லை. காய்ச்சல் உண்டா, செரிமானம் எப்படி என்று பார்க்கிறார்கள்; சில நாட்கள் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துப் பக்குவப்படுத்துகிறார்கள்; பிறகே தாரையைப் பற்றிப் பேசுகிறார்கள். விடுமுறை நான்கு நாள்தான் என்று சொல்லி வருகின்றவரை, விடுமுறை கிடைக்கும்போது வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.